ஒரு பக்கத்தில் அடங்காதவர்கள்

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த செல்போன் கம்பெனி, ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர்களை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, உள்ளே விட்டுப்போன டிபன் பாக்ஸ்களையும் செருப்புகளையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு மூடிக்கொண்டது. அதற்கு அடுத்து வந்த ஐப்பசியில்தான் எங்கள் லைன் வீடுகளுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் வெளியாட்கள் இல்லை, நாங்களேதான். பயோடேட்டாவிலிருந்து யார் எந்த வேலையை எடுத்துவிட்டார்களோ, அந்த வேலை, அதைச் செய்த வயதோடும், அப்போது போட்டிருந்த உடுப்போடும், கடைசி நாளன்று கையில் எது இருந்ததோ அதோடும், கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவைவிட்டு இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் நேராக வந்து வாசலில் நின்றது.

இதற்கு யாரையாவது திட்டியே ஆக வேண்டும் என்றால், கல்யாண மண்டபத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடத்த வந்த டை கட்டிய தம்பியைத்தான் திட்ட வேண்டும். "ஒரே பக்கம். அதுக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க. கேக்குற வேலைக்குச் சம்பந்தம் இல்லாததை எல்லாம் தூக்கிடுங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் ஒன்றைச் செய்தால் முழுசாகச் செய்கிற ஜனம். செங்கல் சூளை, கொத்து வேலை, கோழிக்கடை, பந்தியில் இலை எடுத்தது, தீபாவளிக்கு முன்னால் ஒரு மாதம் மட்டும் துணிக்கடையில் நின்றது என்று மீசை முளைக்காத வயதிலிருந்து செய்ததை எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தவர்கள், அன்று சாயந்திரமே கூட்ரோட்டில் ஜெயசீலனின் பிரவுசிங் சென்டர் முன்னால் கூட்டமாக நின்று, அதை வெட்டு இதை வெட்டு என்று வெட்ட வைத்தோம். வெட்டின தாள் கம்பெனிக்காரன் கைக்குப் போன அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், வெட்டுப்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் கொஞ்சம் தடுமாறினோம் என்பது உண்மைதான். பிறகு பழகிவிட்டது. எங்கள் தெருவில் தேசம்மா ஒரேயடியாக மூன்று வேலையை எடுத்துவிட்டாள், மூன்று தேசம்மாக்கள் வந்தார்கள், நாலு பேரும் குழாயடியில் ஒரே குரலில் சண்டை போட்டபோது யார் யாரைத் திட்டுகிறாள் என்று தெரியாமல் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தோம். லைன் வீடுகளின் சொந்தக்காரர் வந்து, தலைக்கு இவ்வளவு என்றுதான் தண்ணீர் விடுவேன் என்று நின்றார், ஆள் ஒருத்தி, தலை நாலா என்று தெருவே அவரிடம் வாதாடியது. ரேஷன் கடைக்காரர், கார்டில் ஒரு பேர்தானே இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். ஒரு கெட்டிக்காரன் எல்லா வேலைகளையும் சேர்த்து 'பல்வேறு தனியார் நிறுவனங்களில் பணி' என்று ஒரே வரியில் போட்டான், அவனுக்கு அத்தனை பேரும் ஒரே ஆட்டோவில் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து வந்து இறங்கினார்கள். இன்னொருத்தன் எதையும் விடாமல் எழுத்தை மட்டும் எறும்பு அளவுக்குக் குறைத்தான், அவன் வீட்டுக்கு யாரும் வரவில்லை, ஆனால் சுவருக்குப் பின்னாலிருந்து யாரோ மெல்லிய குரலில் சாப்பாடு ஆச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் அவன் வீட்டையே காலி செய்துகொண்டு போனான். ஜெயசீலன் தன் கடையில், 'எடுத்த அனுபவம் வீடு தேடி வந்தால் கடை பொறுப்பல்ல' என்று ஒரு போர்டு மாட்டினான்.

வந்தவர்கள் நல்லவர்கள்தான். எடுத்துவிட்டோம் என்று கோபித்துக்கொள்ளவில்லை. கொத்து வேலை செய்தவன் எங்கள் பொதுக் கக்கூஸுக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தான். வரியைத் திரும்ப எழுதி அந்தத் தாளை யாரிடமாவது கொடுத்துவிட்டால், வந்தவர்கள் வந்த மாதிரியே கூட்ரோட்டுக்கு நடந்து போய் ஆட்டோ ஏறிவிடுவார்கள், அதற்கும் அழுகையோ சண்டையோ கிடையாது. அவர்களிடம் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அந்த வேலையின் கடைசி நாள்வரைக்கும் நடந்ததுதான் அவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் தெரியாது.

அதை நாங்கள் ருக்மாங்கதத்தின் வீட்டில் தெரிந்துகொண்டோம். ருக்மாங்கதம் இப்போது அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. அந்த வேலைக்காக, இளவயதில் லாரியில் கிளீனராக ஓடியதை எடுத்துவிட்டார். கிரீஸ் கறையோடு ஒரு பையன் வந்து நின்று, "அம்மா எங்க?" என்று கேட்டான். ருக்மாங்கதம் யோசிக்காமல், "அது செத்து எவ்ளோ காலம் ஆவுது" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஏரிக்கரை சுடுகாட்டுக்குப் போன பையன் திரும்பவில்லை, அங்கேயே வாசலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பாடைக்கும் எழுந்து நின்று முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருகிறான். வரியைத் திரும்ப எழுதிப் பார்த்தார், அப்போதும் அவன் போகவில்லை, ருக்மாங்கதம்தான் இரண்டு வேளையும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோகிறார். அதனால் தெருவில் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்தோம். வந்தவர்களிடம் பின்னால் நடந்ததை யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார், இதில் ஏதாவது ஒன்று.

பூங்காவனத்துக்கு இந்தக் கட்டுப்பாடு தெரியும், கூடிப் பேசியபோது அவளும் தலையாட்டியவள்தான்.

மூடின கம்பெனியில் லைன் லீடராக இருந்தவள் பூங்காவனம். வருகிற பங்குனியில் நாற்பது முடிகிறது. புருஷன் ஏகாம்பரம் லோடு ஆட்டோ ஓட்டி, ஒரு மழைநாளில் அது கவிழ்ந்து, தொடையில் கம்பி வைத்துக் கட்டிலோடு கிடக்கிறான். மகள் இனியாவுக்கு எட்டு வயது. அடுப்பில் உலை வைப்பதே ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆகிவிட்டிருந்தது, மற்ற நாட்களில் தேசம்மா வீட்டிலிருந்து ஒரு குண்டான் சோறு வரும், நாலு தேசம்மாக்கள் சாப்பிடுகிற வீட்டிலிருந்து எத்தனை நாளைக்கு வரும். சுற்று வட்டாரத்தில் இருந்த கம்பெனி எல்லாம் ஏறி இறங்கிவிட்டாள். இனிமேல் பாக்கி இருந்தது, கார்களுக்கு சீட்டு உறை தைக்கிற புதுக் கம்பெனி ஒன்றுதான். சூப்பர்வைசர் வேலை. நாற்பது தாண்டினால் எடுக்க மாட்டார்கள்.

அவள் ஏற்கெனவே ஒரு வேலையை எடுத்துவிட்டிருந்தாள். பத்தொன்பது வயதில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியதை. அந்தப் பூங்காவனம் கழுத்தில் நூல் கத்தரியைத் தொங்கவிட்டுக்கொண்டு, தாவணியும் கொலுசுமாக வந்து சேர்ந்தாள். நாள் முழுக்கப் பேச்சு, தனக்கு எப்படி மாப்பிள்ளை வருவான் என்பதில் மட்டும் பேச்சு நிற்காது. கட்டிலில் கிடந்த ஏகாம்பரத்தை "அண்ணே" என்று கூப்பிட்டாள். "அண்ணே, காபி குடிக்கிறீங்களா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க நாங்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்போம். அந்தக் கஷ்டத்திலும் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அவளால்தான்.

ஆனால் பூங்காவனம் எடுக்காமல் வைத்திருந்த வரி ஒன்று உண்டு. அதுதான் அவளுக்கு வேலை கிடைக்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வயதில் இரண்டு வருஷம் வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். இன்டர்வியூவில் எந்த அதிகாரியும் அந்த வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்துவார். ஒருத்தர், வீடு கூட்டினவளா லைனில் நாற்பது பேரை மேய்ப்பாள் என்று நினைப்பார். இன்னொருத்தர், போனவள் மறுபடியும் போய்விடுவாள் என்று நினைப்பார். இரண்டும் ஒரே இடத்தில்தான் முடியும், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

"அத எடுத்துட்டா இன்னாக்கா?" என்று ஜெயசீலன் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். அவள் தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

காரணம் எங்களுக்குத் தெரியும். அவள் அங்கே போனபோது மூத்தவன் மதியழகனுக்கு நாலு வயது. திரும்பி வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து, ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டார் அவளை இடையில் விடமாட்டார்கள், தெரிந்தால் தனியாகக் கிடந்து என்ன செய்துகொள்வாளோ, பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை என்று பயந்து, ஏகாம்பரமும் அவன் அம்மாவும் மறைத்துவிட்டார்கள். அவள் வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வாள். பிள்ளை தூங்குகிறான் என்பார்கள். விளையாடப் போயிருக்கிறான் என்பார்கள். அந்தச் செவ்வாய்க்கு அடுத்த வெள்ளி, அவள் அங்கே ஒரு செருப்புக் கடையிலிருந்து கூப்பிட்டு, நடந்தால் குதிகாலில் விளக்கு எரிகிற ஷூ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அளவு சொல்லு, கால் வளர்ந்திருக்குமே என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஏகாம்பரம், "ஒரு சைஸ் பெருசாவே வாங்கு" என்றான்.

கயிறு கட்டின பெட்டியோடு வந்து இறங்கினவள், வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள். பேசும் பொம்மை, சாக்லேட், சட்டைகள். ஷூவைக் கையில் மாட்டித் தரையில் தட்டி விளக்கை எரியவிட்டுக்கொண்டே, "டேய் மதி, இங்க பாரு" என்று கூப்பிட்டாள். அவள் மூன்றாவது தரம் கூப்பிட்டபோதுதான் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள். பூங்காவனம் அன்று அழவில்லை. பரப்பினதை எல்லாம் திரும்பப் பெட்டியில் அடுக்கினாள், கயிற்றைக் கட்டினாள். ஏகாம்பரத்தைக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதமே செல்போன் கம்பெனியில் சேர்ந்து ஷிப்டு ஷிப்டாக ஓடியதில் அழ அவளுக்கு நேரம் வாய்க்கவே இல்லை. ஒருத்தியை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளை மண்ணுக்குள் போன வாரத்தில், ஷூவுக்கு அளவு கேட்டுச் சிரித்தாளே, அவளை. அவள் முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதான் அந்த வரியை அப்படியே வைத்திருந்தாள்.

புதுக் கம்பெனிக்கு இன்டர்வியூ அன்று காலையில், இனியா முதல் நாள் ராத்திரி குடித்த கஞ்சியோடு பள்ளிக்கூடம் போனதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பூங்காவனம் நேராக ஜெயசீலன் கடைக்குப் போனாள்.

"எடுத்துடு" என்றாள்.

ஜெயசீலனுக்கு எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் எடுத்தான். எடுத்த இடத்தில் இரண்டு வருஷம் வெறுமையாக நின்றது. "கேப் விழுதேக்கா. கேப் இருந்தா நோண்டுவாங்க" என்றவன், பிறகு இதமாகத்தான் சொன்னான், பாவம், அவனுக்கு முழுக்கதை தெரியாது, "கொழந்தைய வளக்க வீட்ல இருந்தேன்னு போட்டுடலாம். பொம்பளைங்களுக்கு அதான் எல்லாரும் போடுறது. நல்லாவும் இருக்கும்."

வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"போடு" என்றாள்.

கம்பெனியில் இன்டர்வியூ எடுத்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளைப் படித்தார். செல்போன் கம்பெனி வரியில் தலையாட்டினார். அடுத்த வரியில் முகம் மலர்ந்தது. "குழந்தைக்காக ரெண்டு வருஷம் வேலையே வேணாம்னு கூட இருந்திருக்கீங்க. நல்ல விஷயம்மா. பொறுப்பானவங்கதான் எங்களுக்கு வேணும்" என்றார். பூங்காவனம் ஆமாம் மேடம் என்றாள். நாளைக் காலை முதல் ஷிப்டு, கம்பெனி பஸ் கூட்ரோட்டுக்கு ஆறு மணிக்கு வரும், புரொபேஷன் முடிகிறவரை ஒரு நாளும் லீவு கிடையாது என்றார்கள். அதற்கும் ஆமாம் மேடம் என்றாள். தாள் கை மாறிவிட்டது.

வேலை கிடைத்த சேதியும், இன்று சாயந்திரம் யார் வரப்போகிறாள் என்ற சேதியும் ஒன்றாகவே தெருவுக்கு வந்தன. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் எல்லோரும் குழாயடியில் கூடினோம். தேசம்மாதான் ஏற்பாடு செய்தாள், அவள் எதற்கும் ஏற்பாடு செய்கிறவள். "கேட்டா, புள்ள பாட்டி ஊட்டுக்குப் போயிருக்குதுன்னு சொல்லுவோம். நாளைக்குக் கேட்டா, ஸ்கூலுக்குப் போயிருக்குதுன்னு சொல்லுவோம். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும், ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக் காரியத்தக் கெடுத்துடாதீங்க." மற்ற மூன்று தேசம்மாக்களும் அதையே மூன்று தரம் சொன்னார்கள். பூங்காவனம் ஒவ்வொருத்தர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வார்த்தைகளை அவள் ஏற்கெனவே போனில் கேட்டவள்.

வீட்டுக்குள் போனாள். ஏகாம்பரம் சுவரில் இருந்த பிள்ளையின் படத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"திரும்ப எழுதிக் குடுத்துடு பூங்காவனம்" என்றான். "வேல போனா போவுது. அவ வந்து நின்னா நான் எப்படி மூஞ்சியக் காட்டுவேன்? அவளாண்ட நானே பொய் சொன்னேன். இன்னொரு வாட்டி என்னால முடியாது."

"எழுதிக் குடுத்தா இனியா இன்னா துன்னும்?"

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"நீ இன்னொரு வாட்டி பொய் சொல்ல வேணாம்" என்றாள்.

படத்தைக் கழற்றி வைக்கலாமா என்று பிசிறு வெட்டுகிறவள் கேட்டாள். அது யார் படம் என்று அவளுக்குத் தெரியாது, வீட்டில் ஏதோ நடக்கப் போகிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. வேண்டாம், இருக்கட்டும் என்றாள் பூங்காவனம். தலையை வாரிக்கொண்டு, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, கூட்ரோட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ருக்மாங்கதம் ஓடிவந்தார்.

"எம்மா, சொல்லிடாதம்மா. என் பையன் உக்காந்து கெடக்கிறதப் பாத்தியில்ல?"

"நீ நின்னுகினே சொன்னண்ணே. சொல்லிட்டு டூட்டிக்குப் போயிட்ட" என்றாள் பூங்காவனம். கடுமையாகச் சொல்லவில்லை. ருக்மாங்கதம் அங்கேயே நின்றுவிட்டார்.

வெயில் இறங்கும் நேரம். கூட்ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, பூக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், நாங்கள் கொஞ்சம் தள்ளி டீக்கடைப் பக்கமாக, வேறு வேலையாக வந்தவர்களைப் போல நின்றிருந்தோம். ஒவ்வொரு ஷேர் ஆட்டோவாக வந்து ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது. அப்புறம் அவள் இறங்கினாள். எங்கள் பூங்காவனத்தை விட வெளுப்பு, ஏசிக்குள்ளேயே இருந்த வெளுப்பு. ஜிகினா வைத்த சுடிதார். பச்சைப் பெட்டி, கயிறு கட்டி, மார்க்கரில் பேரும் ஊரும் எழுதியிருந்தது. டிரைவர் பெட்டியை இறக்கியபோது பாத்து, பாத்து, உள்ள பொம்மை இருக்குது என்று கத்தினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எங்களுக்கே மனசு கேட்கவில்லை, பலபேர் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

பூங்காவனம் எதிரே போய் நின்றாள்.

"யக்கா, நீ எங்க ஊட்டு ஆளா?" என்றாள் வந்தவள். பிறகு உற்றுப் பார்த்தாள். வந்தவர்கள் யாரும் தங்கள் முகத்தையே எதிரில் பார்த்து அதிர்ந்ததில்லை, அவளும் அதிரவில்லை. "அய்ய, இவ்ளோ எளச்சிட்டேன். புள்ள எங்க, கூட்டினு வர்லியா? தூங்குறானா?"

டீக்கடையில் தேசம்மா மூச்சை இழுத்தாள், சொல்லு சொல்லு, பாட்டி வீடு என்று சொல்லு என்று முணுமுணுத்தாள்.

"பெட்டியத் தொறக்காத" என்றாள் பூங்காவனம். "இப்டி உக்காரு."

"எதுக்கு? ஊட்டுக்குப் போலாம் வா. ஷூ வாங்கியாந்திருக்கேன், லைட்டு எரியுது—"

"தெரியும். உக்காரு."

பஸ் ஸ்டாப்பு சிமெண்டு மேடையில் அவளை உட்கார வைத்து, தானும் ஒட்டி உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பூங்காவனம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, காய்ச்சல் என்று ஆரம்பித்து மெல்ல மெல்ல வரவில்லை. மதி இல்லை, செத்துட்டான் என்றாள். லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

வந்தவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு பூங்காவனத்தைப் பார்த்தாள். "என்னிக்கி?"

"நீ ஷூவுக்கு அளவு கேட்டியே. அதுக்கு முன்ன செவ்வாக்கெழம."

"நான் சிரிச்சிகினே கேட்டேனே" என்றாள். "சிரிச்சிகினே கேட்டேனே. அவர் பெருசா வாங்குன்னு சொன்னாரே."

"உனக்குத் தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பூங்காவனம். இத்தனை வருஷமாக யாரைப் பார்க்கக் கூடாது என்று இருந்தாளோ அவளிடம் அதைச் சொல்லும்போதுதான், அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. அந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? வேலையை முடித்துக்கொண்டு, பிள்ளைக்கு ஷூ வாங்கிக்கொண்டு வந்தவள்தானே.

வந்தவள் நிமிர்ந்தாள். "உனக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல. பொம்மயெல்லாம் பரப்பி வெச்சி, கூப்பிட்டுகினே இருந்தேன்."

"பரப்பி வெச்சியா?" என்றாள் வந்தவள். அந்த இடத்தில்தான் அவளுக்கு அழுகை கிளம்பியது. பூங்காவனத்தின் தோளைக் கடித்துக்கொண்டு அவள் கத்திய கத்தலில் லாரி ஒன்று நின்று, டிரைவர் இறங்கி என்ன ஏது என்று கேட்டார். "இவங்க புள்ள செத்துப் போச்சு" என்று டீக்கடைக்காரர் சொன்னார். எப்போது என்று டிரைவர் கேட்டார். இன்றைக்குத்தான் என்று சொல்லிவிட்டோம், அவளுக்கு இன்றைக்குத்தானே.

அதற்குப் பிறகு எங்கள் கட்டுப்பாடு கட்டுப்பாடாக இருக்கவில்லை. சாவு வீட்டுக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தோம். பெட்டியை ருக்மாங்கதம் தலையில் தூக்கிக்கொண்டார். தேசம்மா வீட்டில் உலை வைத்து மொத்தத் தெருவுக்கும் சோறு வடித்தார்கள், அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாதே. வாசலில் பெஞ்சு போட்டு ஆம்பளைகள் உட்கார்ந்தோம். உள்ளே பொம்பளைகள் வளைத்து உட்கார்ந்து மார் அடித்து அழுதார்கள், மதியழகனைப் பார்த்தே இராதவர்கள்தான் அத்தனை பேரும். பிசிறு வெட்டுகிறவள், அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலேயே, கத்தரியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஏகாம்பரம் கட்டிலிலிருந்து கையை நீட்டினான். வந்தவள் அந்தக் கையை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை, அதன் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டாள். "தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னு" என்று அவன் ஆரம்பித்தான், முடிக்க முடியாமல் அழுதான். இனியா சுவர் ஓரமாக நின்று, தன் அம்மா அந்தக் கூட்டத்தில் எங்கே என்று தேடினாள். பூங்காவனம் பின்கட்டில் நாளைக்குக் கட்டிக்கொள்ள வேண்டிய சேலையை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அழுதுவிட்டால் காலையில் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

விடிந்தது. சுடுகாட்டுப் பையனைப் போல வந்தவளும் எழுந்து எங்காவது போய்விட்டிருப்பாளோ என்ற பயத்தோடுதான் நாங்கள் கதவைத் திறந்தோம். அவள் அங்கேயே இருந்தாள். முகம் வீங்கி, தலை கலைந்து, அடுப்படியில் உட்கார்ந்து, தேசம்மா வீட்டுச் சோற்றில் புளியைக் கரைத்துத் தாளித்து டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பெட்டி கட்டிலுக்கு அடியில், கயிறு அவிழ்க்காமல் இருந்தது.

பூங்காவனம் சேலை கட்டி, கம்பெனியில் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னால முடியாது" என்றாள். எங்களிடம் இல்லை, யாரிடமும் இல்லை. "செத்த வீட்ல இருந்து எப்படிப் போறது? ஒரே ஒரு நாளு லீவு கேட்டா குடுக்க மாட்டாங்களா?" கேட்கலாம்தான். எந்தப் பிள்ளை, எப்போது என்று கேட்பார்கள். தாளில் அவள் அந்த இரண்டு வருஷமும் பிள்ளையோடு வீட்டில் இருந்திருக்கிறாள்.

கூட்ரோட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

வந்தவள் எழுந்து வந்தாள். டிபன் பாக்ஸை அவள் கையில் வைத்து, கலைந்திருந்த சேலை முந்தானையைச் சரி செய்தாள். வளைகுடாவில் யாரோ ஒருத்தருடைய பிள்ளையைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்து அனுப்பிய கை.

"நீ வேலைக்குப் போ" என்றாள். "நான் இருந்து அழுவுறேன்."

பூங்காவனம் போனாள். ஓட்டமும் நடையுமாகப் போய் பஸ் ஏறி, ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் நகரும்போது எங்கள் தெருவிலிருந்து அழுகைச் சத்தம் கிளம்பி வந்தது. பக்கத்து சீட்டுப் பெண், யாரோ பாவம், எந்த வீட்டிலோ சாவு போலிருக்கு என்றாள். பூங்காவனம் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள், அது அவள் குரல்தான்.